பீலிக்கடியில் இருந்த பை

பீலியில் முகம் கழுவக் குனிந்தபோதுதான் அந்தப் பையைப் பார்த்தேன்.

மலையிலிருந்து தகரக் குழாய் வழியாக இறங்கி, தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வரும் தண்ணீரைத்தான் பீலி என்போம். குளிப்பது, குடிப்பது, துவைப்பது எல்லாம் அதில்தான். தண்ணீர் விழும் இடத்தில் தட்டையான கல் ஒன்று உண்டு. அதன் அடியில், சீனி வாங்கிய பை ஒன்றைக் கயிற்றால் கட்டித் தண்ணீரில் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை. பனி விலகாத லயம் இன்னும் முழுதாக விழிக்கவில்லை. யாரோ பால் போத்தலைக் குளிரவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் இழுத்தேன்.

உள்ளே சிரிஞ்சுகள். ஊசி இல்லாத, வாயில் நீல மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் சிரிஞ்சுகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒட்டியிருந்தது. எல்லாம் என் கையெழுத்து.

லயத்துப் பெண்கள் பலருக்கு நான் பிரித்துக் கொடுத்த மருந்து அது. எல்லாமே கல்லாகிவிட்டது, யாரும் வைக்கவே இல்லை என்று அதற்கு முந்திய நாள் மாலைதான் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் அந்தப் பையில் பாதிக்கு மேல் காலியாக இருந்தன.

கொய்யா இலைத் தண்ணீர்

பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய எனக்கு இடம் கிடைத்ததோடு இந்தத் தொடரைச் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஹட்டனிலிருந்து ஒரு வாசகி பேசினார். "எல்லாம் எழுதுனீங்க, என்னா ஆராய்ச்சின்னு மட்டும் மழுப்பிட்டீங்களே?" என்று கேட்டார்.

மழுப்பியது உண்மைதான். அப்பாவும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும் பத்திரிகை இது. ஆனாலும் இந்த வாரம் மழுப்ப முடியாது.

என் ஆராய்ச்சி வெள்ளைப்படுதலைப் பற்றியது. அரிப்பு, புண், எரிச்சல் என்று பெண்கள் வெளியே சொல்லாத எல்லாவற்றையும் பற்றியது.

கொழுந்து பறிக்கிற பெண் காலைப் பெரட்டிலிருந்து மாலையில் கொழுந்து நிறுத்து முடியும் வரை ஈரத்தில் நிற்கிறாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு மழையில் ஊறி, உடம்போடு ஒட்டி, உடம்பிலேயே காய்கிறது. மலையில் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. மாதவிலக்கு நாட்களில் துணி மாற்றவும் மறைவு கிடையாது. வீடு திரும்பிய பிறகும் பொதுப் பீலியில், பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டுதான் குளிக்க வேண்டும். அங்கே எதைக் கழுவுவது?

லயத்தில் இதற்கு ஒரு கைவைத்தியம் இருந்தது. கொய்யா இலையை அவித்து, ஆறவைத்துக் கழுவுவார்கள். கழுவினால் ஓர் இரவு சுகம். மறுநாள் மலை ஏறி இறங்கினால் மறுபடியும் எரிச்சல்.

அந்தச் சாறு கழுவியதும் ஓடிவிடாமல், உள்ளேயே தங்கி, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் எப்படி இருக்கும்? இதுதான் என் கேள்வி. எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அங்கே யாரும் கேட்டிராத கேள்வியைக் கொண்டுபோனவளும் நான்தான்.

என் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் மிஸ் என்போம். அதிகம் பேசமாட்டார். என் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தூளைப் பனிக்கட்டித் தண்ணீரில் கரைத்து என் கையில் கொடுத்தார்.

"சரிச்சுப் பாரும்."

சரித்தேன். தண்ணீர் போல ஓடியது.

"இப்ப கைக்குள்ள வைச்சுப் பொத்தும்."

பொத்தினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் குப்பிக்குள் அது அசையாமல் நின்றது. கவிழ்த்தாலும் விழவில்லை.

"குளிரில தண்ணி, உடம்புச் சூட்டில களி. இதுக்குள்ள உம்மட கொய்யா இலையைக் கட்டி வைக்கேலுமோ எண்டு பாப்பம்."

அதற்குப் பிறகு இரண்டு வருடங்களுக்கு மேல் என் கைகளில் கொய்யா இலை வாசம்தான். சாறு கூடினால் களி இறுகாது. களி கூடினால் சாறு வெளியே வராது. சிலநாள் எல்லாம் சரியாக வந்து, மறுநாள் காலையில் குப்பியின் அடியில் பழுப்பாகப் படிந்து கிடக்கும். நான் அழுதால் மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அழுது முடித்ததும், "சரி, திரும்பக் கரையும்" என்பார்.

கடைசியில் ஒரு கலவை நின்றது. அனுமதிகள் எல்லாம் எடுத்துக்கொண்டு, முதன்முதலாக அதைப் பெண்களிடம் கொடுக்க என் தோட்டத்துக்கே வந்தேன். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற எங்கள் ஊரில் எதற்குக் குளிர்சாதனப் பெட்டி?

அடுப்புக்கு மேலே

கொடுத்துச் சில வாரங்கள் கழித்து, மீதியைச் சேகரிக்க வந்தது அந்தப் பையைப் பார்ப்பதற்கு முந்திய சனிக்கிழமை. எங்கள் அறைக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்த மாரியாயி பெரியம்மாதான் முதலில் பேசினார்.

"ஒம் மருந்து கல்லாப் போச்சு பாப்பா. குத்துனாலும் வரல, தள்ளுனாலும் வரல. எங்க வீட்டு மனுசன் மாதிரி."

முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். உள்ளே இருந்து அந்த மனுசன் இருமுவது கேட்டது.

"எங்க வச்சிருந்தீங்க பெரியம்மா?"

"எங்க வைக்கிறது? அடுப்புக்கு மேலதான்."

"குளிர்ல வைக்கச் சொன்னேனே!"

"சொன்ன. சொல்லாம இல்ல. இந்தப் பனியில ஐஸுத் தண்ணிய அந்த எடத்துல வைக்கச் சொல்றியே, எவளாச்சும் வைப்பாளா? சுருண்டுற மாட்டா? அதோட வெளிய வச்சா எல்லாம் பூஞ்சணம் புடிச்சிரும். உப்பு, நெருப்புப்பெட்டி, ஐடென்டிக் காட்டு, புள்ளங்க பொறந்த பத்திரம், ஒம் மருந்து, எல்லாம் ஒரே பரணுலதான் இருந்திச்சு. அதுக்கு மேல என்னா மரியாத குடுக்கச் சொல்ற?"

எங்கள் லயங்களில் கெட்டுப்போகக் கூடாதது எதுவோ அது அடுப்புக்கு மேலேதான் இருக்கும். நான் பிறந்து வளர்ந்ததும் அந்தப் புகையில்தான். என் மருந்துக்கு இதைவிட நல்ல இடத்தை அவர்களால் யோசித்திருக்க முடியாது.

"சரி, அத குடுங்க. எடுத்துட்டுப் போறேன்."

"ஒங்க அக்காகிட்ட குடுத்தாச்சே. பாப்பாகிட்ட நானே குடுத்துர்றேன்னு வீடு வீடா வந்து வாங்கிக்கிட்டுப் போச்சு."

அக்கா பொறுப்பாகச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

பாக்கியம்

என் அக்காவின் பெயர் பாக்கியம். அம்மா போனபோது எனக்குப் பால் பற்கள்கூட விழுந்திருக்கவில்லை. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையை எடுத்தாள். நான் பள்ளிக்கூடம் போனேன். இதில் யாரும் யாரையும் கேட்கவில்லை. அப்படித்தான் நடந்தது.

அவளுக்குச் சிரிக்கத் தெரியும். மலையில் கொழுந்து பறிக்க ஆளுக்கொரு நிரை பிடிக்கும்போது அவளுக்குப் பக்கத்து நிரைக்குப் போட்டி இருந்த காலம் உண்டு. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா எப்படி நடப்பார், எப்படித் தொப்பியைத் தூக்கிச் சொறிவார் என்று கூடையோடு நடித்துக் காட்டுவாள். எனக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்த நாளில், அந்தக் கடிதத்தை அடுப்புக்கு மேலே வைத்தவளும் அவள்தான்.

அந்த மருந்தை முதன்முதலில் அவளுக்குத்தான் காட்டியிருந்தேன். ஒரு விடுமுறையில் குப்பியை அடுப்போரம் வைத்து இறுகவைத்தேன். பிறகு பீலித் தண்ணீரில் போட்டு இளகவைத்தேன். சின்னப் பிள்ளை போலக் கைதட்டினாள். "மாயக்காரி" என்றாள்.

மருந்து கொடுக்குமுன் பெண்களைப் பரிசோதிக்க ஒரு தாதியும் மிஸ்ஸும், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு வந்திருந்தார்கள். பரிசோதித்தவர்களுக்கு மட்டும்தான் மருந்து. லயத்துப் பெண்கள் வெட்கப்பட்டு, ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு, உள்ளே போய் வந்தார்கள். அக்கா வரவில்லை. இஞ்சி போட்ட தேத்தண்ணியைத் தட்டில் வைத்து மாரியாயி பெரியம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு, தூரத்தில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றாள். நான் கையசைத்துக் கூப்பிட்டேன். அவளும் கையசைத்தாள். எனக்கு ஒன்றும் இல்லை, அதனால்தான் வரவில்லை என்று சொல்வது போல இருந்தது.

பையோடு நின்றபோது

அக்கா வாளியோடு பீலிக்கு வந்தாள். என் கையில் பை.

"அதுக்குள்ள எந்திரிச்சிட்டியா? தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கேன், ஆறிப்போவுது."

"இது என்னாக்கா?"

"கல்லாப் போனத தண்ணியில போட்டா எளகும்னு நீதானே காட்டுன. போட்டேன். எளகிருச்சு."

"காலியா இருக்கே."

"கசிஞ்சிருக்கும்."

"மூடி போட்டபடி இருக்கு."

அக்கா வாளியைப் பீலிக்கடியில் வைத்தாள்.

"வாடை நிக்குது பாப்பா" என்றாள்.

"என்னா வாடை?"

"ஒம் மருந்த வச்சா நாள் முழுக்க வாடை இல்ல. நெரையில பக்கத்துல நிக்கிறவளுக்குத் தெரியிறதில்ல. மலைக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"எப்போலேருந்துக்கா?"

"தீவாளிக்கு முந்தியே இருக்கு."

"ரத்தமும் போவுதா?"

அக்கா நிறைந்து வழியும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நர்ஸம்மா வந்தாங்களே, ஏன் நீ வரல?"

"ஒங்க மிஸ்ஸும் வந்திருந்தாங்கள்ல. அம்புட்டுப் பெரிய ஆளுக்கு முன்னால நான் போயிப் படுத்து, அந்த வாடை அவங்க மேல பட்டு, இது அவளோட அக்காவாம்னு பேச்சு வந்தா? நீ அங்கிட்டு எப்புடித் தல நிமிந்து நடப்ப?"

"பைத்தியமாக்கா ஒனக்கு!"

"சத்தம் போடாத. லயம் கேக்கும்."

அப்போதுதான் மற்றது எனக்கு உறைத்தது. அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சில மாதங்களாகப் பாயை இஸ்தோப்பில் விரித்துப் படுத்திருந்தார். உள்ளே புகையாக இருக்கிறது என்பார். எங்கள் ஊர்க் குளிரில், புகைக்குப் பயந்து யாரும் வெளியே படுப்பதில்லை.

ஜன்னலோரம்

பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் நாளில் மருந்து வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வைத்தியர் இருப்பதை இருப்பது போலப் பார்க்க வேண்டும்.

பஸ்ஸில் அக்கா பின்னால் போய், கடைசி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடியை முழுவதும் திறந்தாள். கினிகத்தேனைக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடித்தது. முன் சீட்டில் குழந்தையோடு இருந்த சிங்களப் பெண் திரும்பி, ஜன்னலைச் சாத்தும்படி நல்லவிதமாகத்தான் கேட்டார். நான் எழுந்தேன். அக்கா கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தாள். தனக்கு வாந்தி வருகிறது என்று அந்தப் பெண்ணிடம் சிங்களத்தில் சொன்னாள்.

அவளுக்கு வாந்தி வரவில்லை.

அந்தப் பெண் தன் குழந்தையின் தலையைத் துவாயால் மூடி மடியில் சாய்த்துக்கொண்டார். பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தை அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத் தோள் முழுதும் நனைய, கண்டி வரும்வரை வெளியே பார்த்தபடி வந்தாள்.

பரிசோதனைகள் முடிந்த பிறகு வைத்திய அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கருப்பை வாயில் புற்றுநோய். வெட்டி எடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. மெதுவாகச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, இடையில் ஒன்று கேட்டார்.

"இவ்வளவு ஆகிவிட்டால் வாடை இருக்குமே. வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா?"

என் மருந்தைப் பற்றிச் சொன்னேன். அது வாடையை நிறுத்தியது என்று சொன்னேன். அந்த வாடை ஒன்றுதான் எங்களுக்குச் சேதி சொல்லியிருக்கக்கூடியது. என் மருந்து இல்லாமல் இருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்குமா என்று கேட்டேன்.

"உங்கள் மருந்து வருவதற்கு முன்பே அது தாண்டிவிட்டது" என்றார்.

அது உண்மையாக இருக்கலாம். இரக்கமாகவும் இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாடைக்கு மட்டும்

மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு, பை, அக்கா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இந்தத் தோட்டத்தில வந்த முடிவு ஒண்டையும் எழுதேலாது, பிள்ளை. எதை ஆர் வைச்சதெண்டு தெரியாது."

"எழுத முடியாதுன்னு எனக்கும் தெரியும் மிஸ்."

"அக்காவுக்கு வேணுமெண்டால் செய்யும். டொக்டரிட்டைக் கேட்டுப்போட்டுச் செய்யும்."

வைத்திய அம்மா சம்மதித்தார். மறுநாள் ஆய்வுகூடத்துக்குப் போனபோது, எனக்கு முன்னாலேயே மிஸ் வந்து உட்கார்ந்து கொய்யா இலைகளைக் காம்பு நீக்கிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன் பிறகு வார இறுதிகளில் நான் ரயில் ஏறினேன். கையில் பனிக்கட்டி போட்ட பிளாஸ்க். அதற்குள் சிரிஞ்சுகள். ஹட்டனில் இறங்கும்போது பனிக்கட்டியைக் கொட்டிவிடுவேன். அதற்கு மேல் ஊர்க் குளிரே பார்த்துக்கொள்ளும்; லயத்துக்கு வந்ததும் பீலிக்கடிப் பையில் போட்டுவிடுவேன்.

"இது நோவுக்குக் கேக்குமா பாப்பா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இல்லக்கா. வாடைக்கு மட்டுந்தான்."

"அது போதும். ஆளுங்க ஒக்காந்துட்டுப் போறாங்கள்ல."

உட்கார்ந்தார்கள். மலையிலிருந்து இறங்கியதும், படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்து அவள் பாயிலேயே உட்கார்ந்தார்கள். மாரியாயி பெரியம்மா அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு ஈருளியால் வாருவார்.

"ஒந் தலையில பேனும் இல்ல, ஈரும் இல்ல. என்னா பொம்பள நீ? எங்களுக்கு ஒரு வேல குடுக்கிறியா?"

"கண்டாக்கையா தலையில இருக்கும், போயிப் பாருங்க" என்பாள் அக்கா. சிரிக்கும்போது வலி வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, வலி போனதும் விட்ட இடத்திலிருந்து சிரிப்பாள்.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது இஸ்தோப்பில் மாமாவின் பாய் இல்லை. உள்ளே, அக்காவின் பாயோடு சேர்த்து விரித்திருந்தது. அக்கா கண்ணால் அந்தப் பாயைக் காட்டினாள். கடிதம் வந்த நாளில் என்னைப் பார்த்தது போலவே பார்த்தாள்.

கைச்சூடு

மழைக்காலத்தில் அக்கா போனாள்.

காம்பராவுக்குப் பின்னால் சேலையால் மறைப்புக் கட்டி, பீலித் தண்ணீர் கொண்டுவந்து, பெண்கள்தான் அவளைக் குளிப்பாட்டினார்கள். மஞ்சள் பூசினார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குளிப்பாட்டியவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கைகூட மூக்குப் பக்கம் போகவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு பீலிக்குப் போனேன். கல்லுக்கடியில் பை அப்படியே கிடந்தது. காலிகளுக்கு நடுவே நிறைந்த சிரிஞ்சு ஒன்று இருந்தது. எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். கை மரத்துப்போகிற குளிர்.

மாரியாயி பெரியம்மா வாளி கழுவ வந்தார். என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"கைச்சூட்டுல கல்லாயிரும் பாப்பா. தண்ணியிலயே போடு. எவளுக்காச்சும் ஒதவும்."

எவளுக்கு? லயத்தின் கதவுகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. எல்லாக் கூரைகளிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"நர்ஸம்மாகிட்ட காட்டிட்டு வரட்டும் பெரியம்மா. அப்பறம் நான் புதுசா செஞ்சு தாரேன்."

அவர் வாளியைக் கவிழ்த்தார்.

நான் கையை விரிக்கவில்லை. உள்ளே அது இறுகும்வரை அங்கேயே நின்றேன்.